பழைய கிட்டார் திருவிழால வாசிக்கப் போறீங்களா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன்

ஒரு தம்பி கேட்டிருக்காரு. சென்னைல சர்ச் கொயர்லயும் லைட் மியூசிக் ட்ரூப்லயும் வாசிச்சவராம், வேலைக்காக டல்லாஸ் பக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க பழைய கிட்டார் வாங்கி விக்கிற கடைக்காரர் ஒருத்தர் இவர் வாசிக்கறதக் கேட்டுட்டு, அடுத்து வர்ற விண்டேஜ் கிட்டார் ஃபெஸ்டிவல்ல ஓரமா இருக்கிற சின்ன மேடைல 30 நிமிஷம் வாசிங்கன்னு கூப்பிட்டிருக்காரு, அதுவும் கடைல இருக்கிற, 1963ல ஃபெண்டர் கம்பெனி செஞ்ச ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமா ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிட்டார்லயே வாசிக்கணுமாம். தம்பிக்குப் பயம். எப்படி ரெடி ஆகறது, வர்றவங்க எப்படிப்பட்ட ஆளுங்க, என்ன வாசிச்சா எடுபடும்னு மூணு கேள்வி.

நான் பெரம்பூர்ல வளந்தவன், ரயில்வே காலனி பக்கம் ஒரு ஆங்கிலோ இந்தியன் அண்ணன்கிட்ட கிவ்சன்னு நம்ம நாட்டுக் கம்பெனி கிட்டார்ல கத்துக்கிட்டேன். அமெரிக்கா வந்து 19 வருஷம் ஆச்சு, சனி ஞாயிறுல பழைய கிட்டாருக்கு ஃப்ரெட் (விரல்பலகைல குறுக்க பதிக்கிற உலோகக் கம்பி) போடறது, வயரிங் சரி பண்றதுன்னு வேலை பாக்கறேன். இந்த மாதிரி ஷோக்கள்ல சின்ன மேடைல நாலு தடவ வாசிச்சிருக்கேன், அதுக்கும் மேல பல தடவ மத்தவங்க வாசிக்க மேடைக்குப் பின்னாடி ட்யூன் பண்ணிக் குடுத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த இடம் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர் கச்சேரி மாதிரி நினைச்சுப் போனா குழம்பிடுவீங்க. டல்லாஸ்ல இந்த ஷோ 1978லேர்ந்து நடக்குது, ஆரம்பிச்சதே பழைய கிட்டார் வாங்க விக்க மாத்திக்க ஆளுங்க கூடற இடமாத்தான், மேடை கச்சேரியெல்லாம் அதுகூட சேந்து வளந்தது. பெரிய ஹால், வரிசையா டேபிள், டேபிள் மேல சுவத்துல ஸ்டாண்டுலன்னு எங்க பாத்தாலும் கிட்டார், ஒவ்வொரு டேபிள்லயும் ஒருத்தர் ஆம்ப்ல (கிட்டார் சத்தத்தக் கூட்டற பெட்டி) ஏதோ ஒண்ண வாசிச்சுப் பாத்துட்டு இருப்பாரு. நூறு பேரு நூறு ஸ்ருதில ஒரே நேரத்துல வாசிக்கிற இரைச்சல், கோயம்பேடு மார்க்கெட் காலைல எப்படி இருக்கும், அப்படி. சின்ன மேடை இந்த ஹாலுக்குள்ள ஒரு மூலைலதான் இருக்கும். முன்னாடி 40 நாற்காலி, நின்னுட்டு பாக்கறவங்க ஒரு 30 பேரு, நடந்து போயிட்டே ரெண்டு நிமிஷம் நிக்கிறவங்க நிறைய.

அந்த நிக்கிறவங்க கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க. உங்க முகத்துல இருக்காது, கிட்டார் மேலதான் இருக்கும். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிட்டார் தலைல, அதான் ஹெட்ஸ்டாக்ல, ஒட்டியிருக்கிற கம்பெனிப் பேரு டீக்கலப் பாப்பாங்க, விரல்பலகைல இருக்கிற புள்ளி களிமண் கலர்ல இருக்கா இல்ல முத்துச்சிப்பி மாதிரி மின்னுதான்னு பாப்பாங்க, ஏன்னா 1964 வாக்குலதான் ஃபெண்டர் அந்தப் பழைய மங்கின புள்ளிய விட்டுட்டு மின்னற புள்ளிக்கு மாறினாங்க. கம்பிக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் தகடு, பிக்கார்ட், லேசா பச்சை ஏறி இருக்கா, ஓரத்துல சுருங்கி விரிசல் விட்டிருக்கான்னு பாப்பாங்க. இதெல்லாம் பாத்துட்டுதான் காதைத் திறப்பாங்க. இத நான் குறையா சொல்லல, அந்த ஆளுங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு மரத்துண்டையும் செப்புக் கம்பியையும் அறுபது வருஷம் கழிச்சும் இவ்வளவு மதிக்கிற கூட்டம் வேற எங்கயும் நான் பாத்ததில்ல. ஆனா இது புரிஞ்சாத்தான் என்ன வாசிக்கணும்னு முடிவு பண்ண முடியும். அவங்க வந்திருக்கறது அந்த 1963 மரத்தோட குரல் எப்படி இருக்குன்னு கேக்க. அந்தக் குரல் முழுசா வெளிய வர்ற மாதிரி வாசிச்சீங்கன்னா உங்கள வருஷா வருஷம் கூப்பிடுவாங்க, சத்தத்த மாத்தற காலடிப் பெட்டி, அதான் பெடல், நாலு போட்டு மூடிட்டீங்கன்னா எவ்வளவு வேகமா வாசிச்சாலும் அடுத்த டேபிளுக்கு நகந்துடுவாங்க.

ஏன் 1963க்கு இவ்வளவு மவுசுன்னு ஒரு வரி சொல்லிடறேன், கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல உதவும். லியோ ஃபெண்டர் கம்பெனிய 1965 ஜனவரில சிபிஎஸ்னு பெரிய ஒளிபரப்புக் கம்பெனி வாங்கிடுச்சு, விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அதுக்கப்புறம் உற்பத்திய ஏத்தினாங்க, செய்நேர்த்தி கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு, அதனால அதுக்கு முன்னாடி செஞ்சதுக்கு ‘ப்ரீ சிபிஎஸ்’னு தனி மரியாதை. கிப்சன்னு இன்னொரு பெரிய கிட்டார் கம்பெனி பக்கம் இதே மாதிரி 1958லேர்ந்து 1960 வரைக்கும் வந்த சன்பர்ஸ்ட் கலர் லெஸ் பால் மாடல், மொத்தமே சுமார் 1,500தான் செஞ்சாங்க, அப்போ கேஸ் இல்லாம 300 டாலருக்குள்ள வித்தது, சரியா போகலன்னு நிறுத்திட்டாங்க, இன்னிக்கு ஒண்ணு லட்சக்கணக்கான டாலர். ஹால்ல அந்த மாதிரி ஒண்ணு இருந்தா சுத்தி எப்பவும் பத்து பேரு நிப்பாங்க, பாத்தாலே தெரியும்.

இப்போ உங்க கிட்டாருக்கு வருவோம். 1963 ஸ்ட்ராட்ல வாசிக்கறதுக்கும் இப்போ வர்ற புது ஸ்ட்ராட்ல வாசிக்கறதுக்கும் கைக்கு நிறைய வித்தியாசம் தெரியும், அதனால கடைக்காரர்கிட்ட கேட்டு ஷோவுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு நாலு தடவ அந்தக் கிட்டாரையே கைல எடுத்து வாசிச்சுப் பாருங்க. மேடைல முதல் தடவ தொடாதீங்க.

விரல்பலகை அப்போ ரொம்ப வளைவா இருக்கும், 7.25 இன்ச் ரேடியஸ்னு சொல்லுவாங்க, இப்போ வர்றது 9.5, 12னு தட்டையா இருக்கும். கார்டு பிடிக்க அந்த வளைவு சுகமோ சுகம், கை தானா உக்காரும். ஆனா மேல 12வது ஃப்ரெட்டுக்கு அப்புறம் பெரிய பெண்ட் போட்டீங்கன்னா, அதாவது கம்பியப் பக்கவாட்டுல இழுத்து ஸ்ருதிய ஏத்தினா, கம்பி வளைவோட மேட்டுல ஏறி மேல இருக்கிற ஃப்ரெட்ல இடிச்சு சத்தம் செத்துடும். நீங்க புது கிட்டார்ல ஒன்றரை ஸ்வரம் ரெண்டு ஸ்வரம் வரைக்கும் இழுத்துப் பழகியிருந்தா இங்க அது நடுவுலயே நின்னுடும், நூறு பேரு முன்னாடி அது ரொம்ப சங்கடம். ஒரு முழு ஸ்வரத்தோட நிறுத்திக்கங்க, மிச்சத்துக்கு விரல் அசைச்சு கமகம் மாதிரி குடுங்க, கர்நாடக சங்கீதம் கேட்டு வளந்த நம்ம ஆளுங்களுக்கு அது வரும். இல்லன்னா ஆக்ஷன, அதாவது கம்பிக்கும் விரல்பலகைக்கும் இருக்கிற இடைவெளிய, கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்க, நீங்களா ஸ்க்ரூ டிரைவர எடுக்காதீங்க, உடைமைக்காரர் கையாலயே பண்ணட்டும்.

அடுத்தது பிக்கப், கம்பி அதிர்றத மின்சாரமா மாத்தற காந்தமும் சுருளும், ஒவ்வொரு கம்பிக்குக் கீழயும் ஒரு காந்தம் இருக்கும். இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். அந்தக் காலத்துல மூணாவது கம்பி, அதாவது ஜி, மேல சுருள் சுத்தின தடிக் கம்பி. அது சத்தம் கம்மியா குடுக்கும்னு அதுக்குக் கீழ இருக்கிற காந்தத்த உயரமா வச்சாங்க, பி கம்பிக்குக் கீழ இருக்கறது ரொம்பப் பள்ளமா இருக்கும். இப்போ நாம எல்லாரும் போடறது சுருள் இல்லாத மெல்லிசு ஜி. உயரமான காந்தத்து மேல அது வந்தா அந்த ஒரு கம்பி மட்டும் கூட்டத்துல கத்தற மாதிரி தனியா எகிறும், பி கம்பி அமுங்கிப் போகும். இதுக்கு காந்தத்த சுத்தியலால தட்டி எறக்கலாம்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க, உள்ள மயிரிழை மாதிரி இருக்கிற கம்பி 8,000 சுத்து கிட்ட சுத்தியிருக்கும், ஒரு இழை அறுந்தா பிக்கப் செத்துச்சு, அறுபது வருஷத்துக் குரல் போச்சு. பழக வேண்டியது உங்க வலது கைதான். ஜி கம்பிய மெதுவா தொடுங்க, பி கம்பிய அழுத்தித் தொடுங்க. நாலு நாள் வாசிச்சா கை தானா கத்துக்கும். இல்லன்னா உடைமைக்காரர் ஒத்துக்கிட்டா சுருள் ஜி இருக்கிற செட்டு போடுங்க, ஆனா அதுல பெண்ட் வராது, அதுக்கேத்த பாட்டா எடுக்கணும்.

மூணு பிக்கப்ல எது பேசணும்னு மாத்தற ஸ்விட்ச்சுக்கு மூணு நிலைதான் இருக்கும். அஞ்சு நிலை ஸ்விட்ச் ஃபெண்டர் 1977லதான் போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்க ரெண்டு பிக்கப் சேந்த அந்தக் குழைவான சத்தத்துக்கு ஸ்விட்ச்ச ரெண்டு நிலைக்கு நடுவுல நிறுத்தி வாசிப்பாங்க, சில பேரு தீக்குச்சிய சொருகி நிக்க வைப்பாங்க. உங்களுக்கு அது வேணும்னா நடுவுல நிறுத்திப் பழகிக்கங்க, லேசா கை பட்டாலும் நழுவிடும். இன்னொண்ணு, புது கிட்டார்ல அந்த நடு நிலைல இரைச்சல் அடங்கிடும் இல்லையா, பழசுல அடங்காது, நடு பிக்கப் எதிர் திசைல சுத்தினது கிடையாது. எல்லா நிலையிலயும் ‘ம்ம்ம்’னு இரைச்சல் இருக்கும். இந்தியால கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இங்க 60, அதனால இரைச்சலோட ஸ்ருதிகூட கொஞ்சம் உயரமா கேக்கும், காது நல்லா இருந்தா கண்டுபிடிச்சுடலாம். ஹால்ல லைட் டிம்மர், போன், பக்கத்து டேபிள் ஆம்ப் எல்லாம் சேந்தா இது ரொம்ப அதிகமாகும். அதுக்கு ஒரு வழி இருக்கு, நான் ஒவ்வொரு தடவையும் பண்றது: மேடை ஏறினதும் வால்யூமத் திறந்து வச்சு, நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஏதோ ஒரு திசைல இரைச்சல் டக்குனு பாதியா குறையும். அந்தத் திசைல கால் வைக்கிற இடத்துல கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கங்க. அமைதியான பகுதி வரும்போதெல்லாம் அந்த டேப்புக்கு வந்து நில்லுங்க. கேக்கறவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது, ஆனா கிட்டார் திடீர்னு தெளிஞ்ச மாதிரி இருக்கும்.

இப்போ சொல்லப்போறது மத்ததெல்லாத்தவிட முக்கியம், இத மட்டுமாவது மறக்காதீங்க. ஆம்ப். இந்த ஷோல பழைய கிட்டாரப் பழைய ஆம்ப்லதான் வாசிக்கச் சொல்லுவாங்க, 1950கள்ல துணி ஒட்டி வந்த ட்வீட் ஆம்ப், 60கள்ல கருப்பு முகப்போட வந்த பிளாக்ஃபேஸ், சத்தம் தேன் மாதிரி இருக்கும். ஆனா பின்னாடி போய் ப்ளக்கப் பாருங்க. ரெண்டு பின்தான் இருந்துச்சுன்னா எர்த் கிடையாது. உள்ள மெயின் லைனுக்கும் சேசிஸுக்கும் (ஆம்ப் உள்ள இருக்கிற உலோகச் சட்டம்) நடுவுல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், ரிப்பேர் பண்றவங்க அதுக்கு வச்ச பேரே ‘டெத் கேப்’. அது பழசாகி ஷார்ட் ஆச்சுன்னா 120 வோல்ட்டும் சேசிஸ் வழியா உங்க கிட்டார் கம்பிக்கு வரும். நீங்க ஒரு கையால கம்பியத் தொட்டுட்டு பாட மைக்குல உதட்ட வச்சீங்கன்னா மைக் எர்த்ல இருக்கும், கரண்ட் உங்க உடம்பு வழியா போகும். 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீ நகரத்துல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி மேடைலயே மின்சாரம் தாக்கி செத்துப்போனாரு. அவரத் தாக்கினது எர்த் சரியில்லாத மைக், ஆனா ஆபத்து ஒண்ணேதான், ஒரு கை கம்பில, இன்னொரு கை மைக்ல, ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ்.

அதனால கடைக்காரர்கிட்ட முன்னாடியே கேளுங்க: ஆம்புக்கு மூணு பின் ஒயர் போட்டாச்சா, அந்தக் கெப்பாசிட்டர எடுத்தாச்சா. உண்மையான விண்டேஜ் ஆளுங்க யாரும் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க, பழைய ஒயரக் கவர்ல போட்டு பத்திரமா வச்சுட்டு புது ஒயர் போடறது எல்லாரும் ஏத்துக்கிட்ட விஷயம். கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. மேடைல ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க, ஏசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய கிட்டார் கம்பிலயும் ஒரு முனைய மைக் வலையிலயும் வைங்க. பூஜ்யத்துக்குக் கிட்ட இருக்கணும். அதுக்கு மேல ஏதாவது காட்டினா வாசிக்காதீங்க, வேற ஆம்ப் கேளுங்க, யாரு என்ன சொன்னாலும். மைக்குக்கு ஸ்பாஞ்சு மூடியும் போட்டுக்கங்க. அப்புறம் இந்த ஆம்பெல்லாம் 110, 117 வோல்ட்டுக்கு டிசைன் பண்ணது, இப்போ சுவத்துல வர்றது 120லேர்ந்து 125 வரைக்கும் இருக்கும், அதனால சில பேரு வேரியாக்னு ஒரு பெட்டி வச்சு வோல்டேஜ எறக்கிக் குடுப்பாங்க. மேடைல அந்தப் பெட்டி இருந்தா அதோட திருகுல கை வைக்காதீங்க.

கிட்டாரத் தூக்கிட்டுப் போறதப் பத்தி. டல்லாஸ்ல ஏப்ரல் மே மாசமே வெயில் ஏற ஆரம்பிச்சுடும், ஹாலுக்குள்ள ஏசி குளுரும். வெயில்ல நிறுத்தின கார் உள்ள 50 டிகிரிய சாதாரணமா தாண்டும். அந்தக் காலத்து பாலிஷ் நைட்ரோ லாக்கர், சூட்டுலேர்ந்து குளிருக்கு திடீர்னு வந்தா மெல்லிசு மெல்லிசா கோடு கோடா வெடிக்கும். அதனால ஹாலுக்குள்ள கொண்டு போனதும் கேஸத் திறக்காதீங்க, ஒரு அரை மணி நேரம் மூடியே வைங்க, அதுவா சமமாகட்டும். உங்களுக்கு யாராவது பழைய மார்ட்டின் கம்பெனி அக்கூஸ்டிக் (கரண்ட் இல்லாம வாசிக்கிற கிட்டார்) குடுத்தாங்கன்னா இன்னும் ஜாக்கிரதை, அதெல்லாம் விலங்குத் தோல்லேர்ந்து எடுத்த பசைல ஒட்டினது, கார் சூட்டுல இளகிடும், கம்பியத் தாங்கற பிரிட்ஜ் தூக்கிடும். அதுல தடி கம்பியும் போடக் கூடாது, 1930கள்ல வந்ததுல எல்லாம் உள்ள பட்டைய செதுக்கி மெல்லிசா வச்சிருப்பாங்க, கழுத்துல திருகிச் சரி பண்ற கம்பியும் கிடையாது, மார்ட்டின் அத 1985லதான் கொண்டு வந்தாங்க.

மார்ட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒண்ணு சொல்லாம போக மனசு வரல. அந்தக் கம்பெனி 1969 கடைசி வரைக்கும் ரோஸ்வுட் மாடலோட முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட் போட்டாங்க, பிரேசில் மரமா ஏத்துமதி பண்றத நிறுத்தினதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க. அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான், நீலகிரில தோதகத்தின்னு சொல்றது. ஷோல 1968க்கும் 1971க்கும் நடுவுல வந்த ரெண்டு மார்ட்டின பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுல பிரேசில், இதுல இந்தியான்னு ஆளுங்க சண்ட போடுவாங்க. எனக்கு அந்த ஈட்டி மரத்து கிட்டாரக் கைல எடுத்தா ஒரு சந்தோஷம், கூடலூர் பக்கம் பாத்த மரம் ஞாபகம் வரும். சத்தத்துலயும் அது ஒண்ணும் தாழ்ந்ததில்ல, எத்தனையோ தடவ கண்ண மூடிட்டு கேட்டிருக்கேன். ஆனா பிரேசில் ரோஸ்வுட் கிட்டாரா இருந்தா நாடு தாண்டி எடுத்துட்டுப் போக அழியிற நிலைல இருக்கிற மரம், விலங்கு வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட அனுமதிப் பத்திரம் வேணும், 1992லேர்ந்து அது ரொம்பக் கடுமையான பட்டியல்ல இருக்கு. ஊருக்கு லீவுல போகும்போது கடன் வாங்கின பழைய கிட்டாரத் தூக்கிட்டுப் போலாம்னு நினைச்சிராதீங்க.

ஸ்டாண்டு விஷயம் சின்னதா தோணும், ஆனா இதுலதான் நிறைய பேரு மாட்டறாங்க. சாதாரண ஸ்டாண்டுல இருக்கிற ரப்பர் நைட்ரோ லாக்கரோட சேந்து அத இளக்கி கருப்பா தழும்பு விட்டுடும், ஒரு ராத்திரி போதும். பருத்தித் துணி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பழைய வேட்டித் துணி இருந்தா ரொம்ப நல்லது, ஸ்டாண்டுல ரப்பர் படற இடத்துல எல்லாம் சுத்திக்கங்க. ஸ்ட்ராப்பும் வினைல் வேணாம், தோல் இல்ல பருத்தி. ஸ்ட்ராப் லாக் போட ஸ்க்ரூ மாத்தறேன்னு ஆரம்பிக்காதீங்க, ரப்பர் வாஷர் ரெண்டு மாட்டினா போதும், வாசிச்சு முடிச்சதும் கழட்டிடுங்க. இடுப்பு பெல்ட் பக்கிள் கிட்டார் முதுகுல படக் கூடாது, பெல்ட் இல்லாத பேண்ட் போடுங்க, சட்டை பட்டன் பெரிசா உலோகத்துல இருந்தா வேணாம். நீங்க இதெல்லாம் யோசிச்சு வந்திருக்கீங்கன்னு கடைக்காரர் பாத்தாலே அவர் முகத்துல ஒரு நிம்மதி வரும். கிப்சன் கிடைச்சா ஆம்ப் மேல சாய்ச்சு வைக்கவே வைக்காதீங்க, ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னாடி சாஞ்சு இருக்கும், கழுத்தத் திருகிச் சரி பண்ற கம்பிக்கு (ட்ரஸ் ராடு) குடைஞ்ச இடத்துல மரம் ரொம்ப மெல்லிசு, விழுந்தா அங்கதான் உடையும், எவ்வளவு நல்லா ஒட்டினாலும் விலை பாதிக்கு எறங்கிடும்.

எனக்கு நடந்தது ஒண்ணு சொல்றேன். மொத தடவ வாசிச்சப்போ ஒரு டீலர் 1960ல செஞ்ச கிப்சன் இஎஸ்-335 ஒண்ண நம்பிக் குடுத்தாரு. செர்ரி கலர், முதுகுல ஒரு கீறல் இல்ல. ரெண்டாவது பாட்டு நடுவுல டி கம்பி அறுந்துச்சு. கம்பி அறுந்தா என்ன, அஞ்சு கம்பில சமாளிக்கலாம்னு தொடர்ந்தேன், அப்போ காலுக்குக் கீழ ‘டிக்’னு ஒரு சத்தம். அந்தக் காலத்து பிரிட்ஜ்ல சேடில, அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற சின்ன உலோகத் துண்ட, பிடிச்சு வைக்கிற கம்பி கிடையாது, அது 60கள் ஆரம்பத்துல சேத்தது. ஸ்ட்ரிங் அழுத்தம் போனா சேடில் தானா கழண்டு விழுந்துடும். அந்த சேடில் துவரம்பருப்பவிட கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான், நிக்கல் போன பித்தளை, கம்பி பட்டு பட்டு நடுவுல தேஞ்சு ஒரு பள்ளம், அந்தப் பள்ளம் வர நாப்பது அம்பது வருஷம் ஆகியிருக்கும். மேடைல கருப்புக் கார்ப்பெட். நான் வாசிக்கறத நிறுத்திட்டு விஷயத்தச் சொன்னேன். ஒருத்தர் சிரிக்கல, ஒருத்தர் எந்திரிச்சுப் போகல. முன்வரிசைல இருந்த ஆறேழு பேரு, எல்லாருக்கும் அறுபது வயசுக்கு மேல இருக்கும், முட்டி போட்டு போன் டார்ச்ச கார்ப்பெட்டோட மட்டத்துல படுக்க வச்சுத் தேட ஆரம்பிச்சாங்க, அப்படி வச்சாத்தான் சின்னப் பொருளோட நிழல் நீளமா விழுமாம். மானிட்டர் ஸ்பீக்கருக்கு அடில ஒரு பெரியவர் கண்டுபிடிச்சாரு. உள்ளங்கைல வச்சு, தேய்மானம் எந்தப் பக்கம்னு பாத்து, சரியான திசைல திருப்பி பிரிட்ஜ்ல அவரே உக்கார வச்சாரு. கம்பி மாட்டிட்டு மீதி வாசிச்சேன். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் எனக்கு அந்தக் கூட்டத்து மேல இருந்த பயம் சுத்தமா போயிடுச்சு.

அதுலேர்ந்து நான் பண்றது, வாசிக்கறதுக்கு முன்னாடி உடைமைக்காரர்கிட்ட கேப்பேன், ஒரிஜினல் பிரிட்ஜ், கம்பிய முறுக்கற ட்யூனர் மாதிரி கழட்ட முடிஞ்சத கேஸ்ல பத்திரமா வச்சுட்டு இப்போ வர்ற காப்பி பார்ட்ட மாட்டிக்கலாமான்னு. பாதிப் பேரு சந்தோஷமா சரின்னுவாங்க. பழைய க்ளூசன் ட்யூனர்ல பிளாஸ்டிக் காது பொடிப்பொடியா உதிரும், மேடைல திருகும்போது கைல வந்துடும். உங்க ஸ்ட்ராட்ல உலோகக் காதுதான், கவலை இல்ல, ஆனா அதுல கம்பி மாட்டற முறை வேற, கம்பிய முன்னாடியே அளந்து வெட்டி முனைய நடு ஓட்டைக்குள்ள எறக்கி மடக்கிச் சுத்தணும். வீட்ல ரெண்டு தடவ பழகிக்கங்க. புதுக் கம்பி ஷோவுக்கு முந்தின நாளே போட்டு நல்லா இழுத்து விட்டுடுங்க, அன்னிக்குக் காலைல போட்டா முப்பது நிமிஷமும் ட்யூன் பண்ணிட்டே இருப்பீங்க.

பேப்பர் வேலை கொஞ்சம் இருக்கு. கிட்டார் யாரு பொறுப்புல, எப்போலேர்ந்து எப்போ வரைக்கும், இன்சூரன்ஸ் யாருதுன்னு ஒரு மெயில்லயாவது எழுதி வாங்கிக்கங்க. உங்க வீட்டு இன்சூரன்ஸ நம்பாதீங்க, பல பாலிசில காசு வாங்கி வாசிக்கிற இடத்துல நடந்தது கவர் ஆகாது. வாங்கும்போதே முன்ன பின்ன போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ரெண்டு பேருக்கும் நல்லது.

சரி, என்ன வாசிக்கறது. பெடல் ஒண்ணு ரெண்டு போதும், ஸ்ருதி பாக்கற ட்யூனர் பெடலும், வேணும்னா லேசா எக்கோவும். முதல் பாட்டு எதுவும் இல்லாம சுத்தமா ஆம்ப்ல நேரா போட்டு வாசிங்க, மெதுவான ப்ளூஸ் இல்லன்னா வாய்ப்பாட்டு மாதிரி ஒரு மெலடி. 30 நிமிஷத்துக்கு அஞ்சு பாட்டு தாராளம், ஒவ்வொண்ணுலயும் ஒரு பிக்கப்போட குணத்தக் காட்டுங்க, கழுத்துப் பக்கத்து பிக்கப்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பிரிட்ஜ்ல ஒண்ணு. பழைய ஆளுங்க சேனல் மாத்த பெடல் மிதிக்கல, கிட்டார் வால்யூம் திருகியேதான் எல்லாம் பண்ணாங்க, ஆம்ப்ப கொஞ்சம் உடையிற அளவுக்கு ஏத்தி வச்சு, வால்யூம் 5, 6ல தெளிவா வாசிச்சு, சுண்டு விரலால 10க்கு உருட்டினா குரல் கரகரன்னு எழும்பும். இத அந்தக் கூட்டம் ரொம்ப ரசிக்கும், ஏன்னா வீட்ல அவங்க பண்றதும் அதான். சத்தம் மட்டும் ஜாக்கிரதை, சுத்தி டேபிள்ல ஆளுங்க பேசி வியாபாரம் பண்ணணும், மேடை சத்தம் ஏறினா உடனே ஆள் வந்து குறைக்கச் சொல்லுவாங்க. சின்ன ஆம்ப் கேளுங்க, 15 வாட் போதும்.

நம்ம பாட்டு வாசிக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும்னு எனக்குத் தெரியும். வாசிங்க, ஒண்ணாவது வாசிங்க. நான் ரெண்டாவது தடவ ஒரு பழைய தமிழ் மெலடிய பாடகர் குரல் மாதிரி இழைச்சு கழுத்து பிக்கப்ல வாசிச்சேன், என்ன பாட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, முடிச்சதும் மூணு பேரு வந்து கேட்டது அந்தப் பாட்டப் பத்திதான். அவங்க ஆயிரம் தடவ கேட்ட அதே ப்ளூஸ்ல கிட்டார் குரலக் கேக்கறதவிட, தெரியாத மெட்டுல கேக்கும்போது குரல் இன்னும் தனியா தெரியும்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அது சரின்னுதான் படுது.

பாட்டுக்கு நடுவுல கிட்டாரப் பத்தி ரெண்டு வரி பேசுங்க, உண்மைய மட்டும் பேசுங்க. ஃப்ரெட் மாத்தியிருந்தா மாத்தினதுன்னு சொல்லுங்க, பெயிண்ட் மறுபடி அடிச்சதுன்னா அதையும் சொல்லுங்க. கூட்டத்துல, வால்யூம் திருகுக்கு அடில உள்ள இருக்கிற பாகம், ‘பொட்’, அதோட பின்னாடி இருக்கிற எண்ணப் பாத்தே அந்த பொட் எந்த வருஷம் எந்த வாரம் செஞ்சதுன்னு சொல்றவங்க இருப்பாங்க, முதல் மூணு எண் பொட் செஞ்ச கம்பெனி, அப்புறம் வருஷம், அப்புறம் வாரம். தெரியாததக் கேட்டா கடைக்காரரக் கை காட்டுங்க. அதே மாதிரி யாராவது ‘நான் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கலாமா’ன்னு வந்தா நீங்க முடிவு பண்ணாதீங்க, அது உங்க கிட்டார் இல்ல. எறங்கினதும் கம்பிய, கழுத்தோட பின்பக்கத்த, கை வச்ச ஓரத்த உலர்ந்த துணியால துடைச்சு, உங்க கையாலயே கேஸ்ல வச்சு, உடைமைக்காரர் கைலயே குடுத்துட்டு அப்புறம் தண்ணி குடிக்கப் போங்க.

தம்பி, எந்த ஆம்ப் குடுக்கறாங்கன்னு இன்னும் நீங்க எழுதல. மாடல் பேரு, ப்ளக் ரெண்டு பின்னா மூணு பின்னா, ரெண்டும் கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு பின்னா இருந்தா கடைக்காரர் ஒத்துக்கிட்டா ஷோவுக்கு முந்தின சனிக்கிழம நானே வந்து மாத்திக் குடுக்கறேன், ஒரு மணி நேர வேலைதான்.